நாற்பது பக்கம்

காலை ஏழு மணிக்குச் சலவைக்கூடத்தில் ஆவி முதல் தடவை சீறியபோது, கட்டுக்காரி தன் வலது மணிக்கட்டை மடியில் கிடத்தி இடது கையால் அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். தினமும் இதற்குக் கால் மணி நேரம் போய்விடும். மணிக்கட்டு சம்மதித்தால் வலது கையில் மவுஸ். சம்மதிக்காவிட்டால் இடது கையில். இன்றைக்கு அது சம்மதிக்கவில்லை.

பதினேழு வருடம் அந்தக் கூடத்தில் நின்றவள் அவள். ஆஸ்பத்திரிப் போர்வை, ஓட்டல் விரிப்பு என்று மலை மலையாக ஈரத்துணி வரும். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் காய்ந்து, தேய்ந்து, அப்பளம் மாதிரி வெளியே வந்து விழும். ரோலர் என்பார்கள். கூடத்தில் நான்கு ரோலர். பதினான்கு மாதத்துக்கு முன்பு இரண்டாம் ரோலர் துணியோடு சேர்த்து அவள் கையையும் இழுத்துக்கொண்டது. கை திரும்பி வந்தது. போன மாதிரி வரவில்லை. ஆறு வாரம் வீட்டில் கிடந்துவிட்டு வந்தவளை, பாய்லருக்குப் பக்கத்தில் முன்பு துடைப்பம் வைத்திருந்த அறையில் ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்த்தி வைத்தார்கள். மாப்பிள்ளைக்குச் சோறு போடுகிற வேலை.

கூடத்தில் ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்துத் தூணிலும் ஒரு போன் மாட்டியிருக்கும். பட்டனை அழுத்திக் கேட்டால் ஒரு குரல் பதில் சொல்லும். கொண்டுவந்து மாட்டியவர்கள் அதை ஏஐ என்றார்கள். ஒரே வாரத்தில் அது மாப்பிள்ளை ஆகிவிட்டது. ஒரு துரும்பை நகர்த்தாது, எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கு வர வேண்டும், எதைக் கேட்டாலும் தெரிந்த மாதிரியே பேசும். வேறென்ன பேர் வைப்பது?

அதற்கு உலகத்து விஷயமெல்லாம் தெரியும். இந்தக் கூடத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. நேற்று சொன்னது இன்றைக்கு நினைவிருக்காது. ஒவ்வொரு கேள்விக்கும், கட்டுக்காரி கட்டிக்கொடுத்த பக்கங்களை முதலிலிருந்து கடைசி வரை ஒரு தரம் வாசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும். எந்தத் துணிக்கு எவ்வளவு சோப்பு, எந்த மெஷினை எப்படி நிறுத்துவது, எந்த ஆஸ்பத்திரி மூட்டையைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, எல்லாம் அந்தக் கட்டுக்குள் இருக்க வேண்டும்; அதைக் கட்டுகிறவள் என்பதால்தான் அவள் கட்டுக்காரி. இருந்தால் அதற்குத் தெரியும். இல்லாவிட்டால் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் தெரியாது.

கட்டு நாற்பது பக்கம் இருக்கலாம். அதற்கு மேல் போனால் பெருந்தீனி தின்ற ஆள் மாதிரி மாப்பிள்ளை அசந்துவிடும். முதலில் படித்தது நினைவிருக்கும், கடைசியில் படித்தது நினைவிருக்கும், நடுவில் இருப்பதை விட்டுவிடும். இன்று காலைக் கணக்குக்குக் கட்டு அறுபத்தொரு பக்கம். ஆளாளுக்கு வந்து "அக்கா, இதையும் சேர்த்துருங்க" என்று கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சேர்க்கச் சொல்ல நூறு பேர். எடுக்கச் சொல்ல ஒருத்தர் வந்ததில்லை.

இன்றைக்கு வந்தார்.

சூப்பர்வைசருக்குக் கூடத்தில் ஸ்டாப்வாட்ச் என்று பேர். கழிப்பறைக்குப் போனால்கூட மணி பார்ப்பவர். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்தார்.

"நேத்து என்ன ஆச்சு தெரியுமா?"

"சொல்லுங்க சார்."

"பச்சைக் கோடு போட்ட ஆஸ்பத்திரித் துணிக்கு எவ்வளவு சோப்புன்னு கேட்டிருக்காங்க. உங்க மாப்பிள்ளை ஓட்டல் துணிக் கணக்கைச் சொல்லியிருக்கு. அறநூறு போர்வை திரும்பி வந்திருக்கு."

"சோப்புப் பட்டியல் முப்பதாம் பக்கத்துல இருக்கு சார். கட்டு பெருசாயிடுச்சு. நடுவுல இருக்கறது அதுக்கு நிக்க மாட்டேங்குது."

"அப்பக் குறைங்க. மத்தியானத்துக்குள்ள நாற்பது."

"முதல் ரெண்டு பக்கம் மேனேஜர் லெட்டர் சார். நம்ம லட்சியம், நம்ம குடும்பம்னு. அதை யாரும் கேக்கறதே இல்லை. அதை எடுத்துட்டா..."

"அதுல கை வைக்காதீங்க." ஸ்டாப்வாட்ச் மணியைப் பார்த்தார். "அவர் ஒரு தடவை வந்து, நம்ம லட்சியம் என்னன்னு போன்ல கேட்டுப் பார்த்தாரு. சரியாச் சொல்லிச்சு. ரொம்ப சந்தோஷப்பட்டாரு. அது இருக்கட்டும்."

"சரி சார்."

"இன்னொண்ணு." குரலைத் தாழ்த்தினார், கெட்ட செய்திக்கென்று அவரிடம் ஒரு குரல் உண்டு. "கட்டைத் தானாவே சுருக்கிக்கற மாதிரி ஏதோ புதுசா வந்திருக்காம். ஆபீஸ்ல பேசிக்கறாங்க. நீங்க ஒழுங்காக் குறைச்சுக் காட்டினா, அதெல்லாம் வேணாம், நம்மகிட்ட ஆள் இருக்குன்னு நான் சொல்லலாம். இல்லைன்னா இந்த நாற்காலிய வச்சு நான் என்ன பண்றது, சொல்லுங்க."

அவர் போனதும் கட்டுக்காரி நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாற்காலி போனால் திரும்பக் கூடத்துக்குப் போக வேண்டும். இந்தக் கையை வைத்துக்கொண்டு ஈரப்போர்வை தூக்க முடியாது. அரை நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்காரர் லாரியில் போனால் பத்து நாளைக்கு ஒரு முறை வருகிற ஆள். இரண்டு பிள்ளைகள், மாமியாரின் மாத்திரை, போன மாதம் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்த நாத்தனார். எல்லாம் இந்த நான்கு கால் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது.

அந்த நாத்தனாருக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். மூன்று வாரமாக மடிப்பு மேஜையில் நிற்கிறாள். பத்து மணி டீக்கு, இரண்டு கோப்பையோடு கதவை முட்டியால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, உங்களுக்கு ஒரு நல்ல சேதி, ஒரு கெட்ட சேதி."

"எனக்கு ரெண்டும் வேணாம். டீயைக் குடு."

"மடிப்புலேர்ந்து தூக்கி ஒண்ணாம் ரோலர்ல போட்டுட்டாங்க. இன்னைக்கு அங்க ஒரு ஆள் லீவாம். இது நல்ல சேதி."

"கெட்ட சேதி?"

"ஜோடி நெட்டச்சி. அவ கை ஒசரத்துக்கு நான் துணியப் புடிச்சா, கொடிக்கம்பத்துல கொடியேத்தற மாதிரி இருக்கு."

கட்டுக்காரி சிரித்தாள். நெட்டச்சி அவளோடு எட்டு வருடம் ஜோடியாக நின்றவள். நல்லவள்தான். வாய் மட்டும் உருளையை விட வேகமாக ஓடும்.

"சிரிக்காதீங்க. ரோலர்ல எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு சொல்லித் தாங்க. நீங்க அதுல நின்னவங்கதானே?"

திரையில் அறுபத்தொரு பக்கம் திறந்து கிடந்தது. மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. ரோலரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். "தூணுல இருக்கற போன்ல கேளு. எல்லாம் அதுல போட்டிருக்கேன். நானே எழுதினது."

"வீட்டுலதான் பேச மாட்டீங்க. இங்கயும் மெஷின்கிட்ட கேட்டுக்கோன்னா எப்படி?"

"நாற்பது பக்கமாக் குறைக்கணும்டி. மத்தியானத்துக்குள்ள. உயிர வாங்காத."

நாத்தனார் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

கட்டுக்காரி குறைக்க ஆரம்பித்தாள். போன வருடத்துத் தண்ணீர் அறிவிப்பு, போனது. மூன்று மாதத்து ஷிப்ட் டைரிகளைக் கூட்டிப் பெருக்கி ஒரு பக்கத்தில் அடக்கினாள். கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்ட ஓட்டல் ஒன்றின் விதிகள் நான்கு பக்கம் இன்னும் உட்கார்ந்திருந்தன. அவையும் போயின. சோப்புப் பட்டியலை மேலே, மேனேஜர் லெட்டருக்கு அடுத்தபடி ஏற்றினாள். பன்னிரண்டு மணிக்கு நாற்பத்தொன்றில் வந்து நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாமே யாரோ ஒருத்தருக்கு வேண்டிய பக்கம்.

அப்புறம், கட்டின் கடைசியில், அந்தப் பக்கம் வந்தது.

"இரண்டாம் ரோலர் விபத்து பற்றிய அறிக்கை." ஒரு வருடமாகத் தினமும் காலையில் கட்டைச் சரிபார்க்கும்போது அவள் கண்ணில் குத்துகிற பக்கம். தேதி, நேரம், அவள் பணி எண். "காரணம்: தொழிலாளியின் அஜாக்கிரதை." அதற்கடியில் எவ்வளவு தோல், எந்த எலும்பு. எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி இரண்டு வரி. இரண்டாம் ரோலரில் முன்பக்கப் பாதுகாப்புக் கம்பியை அழுத்தினால் உருளை நிற்கும், கம்பியை விட்டதும் பிரேக் பிடிக்காமல் ஒரு சாண் மறுபடி ஓடும், ஆகவே சிவப்பு சுவிட்சையும் அணைத்துவிட்டே கை வைக்கவும், புதிய பிரேக்குக்குச் சொல்லியாயிற்று. அந்த பிரேக் இன்னும் வந்த பாடில்லை.

இரண்டு வரியை மட்டும் வெட்டி ரோலர் பக்கத்தில் ஒட்டலாம். அது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஒட்டினால் ரோலர் பக்கம் அடுத்த பக்கத்துக்கு வழியும், மறுபடி நாற்பத்தொன்று. அதைச் சரிசெய்ய இன்னும் அரை மணி நேரம். இரண்டாம் ரோலர் எப்படிப்பட்டது என்று இந்தக் கூடத்தில் தெரியாதவர் யார்? அதில் நிற்கிற இரண்டு பேரும் பழைய ஆட்கள். கண்ணை மூடிக்கொண்டே சிவப்பு சுவிட்சைத் தட்டுவார்கள். அஜாக்கிரதை என்ற வார்த்தையை இன்னும் ஒரு தடவை பார்த்தாள்.

எடுத்துவிட்டாள். நாற்பது.

ஸ்டாப்வாட்சுக்குச் சொல்லி அனுப்பினாள். வந்து பார்த்துவிட்டுத் தூணிலிருந்த போனில் பச்சைக் கோடு போட்ட துணிக்குச் சோப்பு கேட்டார். மாப்பிள்ளை டக்கென்று சரியாகச் சொன்னது. "பார்த்தீங்களா, மனசு வச்சா நடக்குது" என்றார். பதினான்கு மாதத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அவளுக்குத் தூக்கம்தான் வந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைப் பாதி தின்றுவிட்டு மேஜையில் தலையைச் சாய்த்தாள்.

அவள் திரையின் வலது ஓரத்தில், கூடத்தில் யார் என்ன கேட்டாலும் எழுத்தாக ஓடும்; பதிலும் அடியிலேயே ஓடும். மத்தியானத்துக்கு மேல் கேள்விகள் மந்தமாகத்தான் வரும். மூன்று மணி சுமாருக்கு ஒன்று வந்தது.

"ரெண்டாம் ரோலர். இந்தாப்பா மாப்பிள்ளை, போர்வை ஓரமா சுருண்டு உள்ள சிக்கிக்கிச்சு. கை விட்டு எடுக்கலாமா?"

இந்தாப்பா மாப்பிள்ளை. கூடத்தில் அப்படிக் கூப்பிடுவது ஒரே ஒருத்தி, நாத்தனார். ஒன்றாம் ரோலரில் அல்லவா நிற்கிறாள், இரண்டில் என்ன செய்கிறாள் என்று யோசித்து முடிப்பதற்குள் பதில் ஓடிவிட்டது.

"எடுக்கலாம். முன்பக்கக் கம்பியை அழுத்துங்கள். உருளை உடனே நின்றுவிடும். நின்றதை உறுதி செய்துகொண்டு துணியை மெதுவாக வெளியே இழுங்கள். கவனமாக வேலை செய்யுங்கள். நாம் ஒரே குடும்பம்."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. பாய்லரைத் தாண்டி, ஈரமூட்டை வண்டிகளுக்கு நடுவே, சோப்புத்தண்ணீர் தேங்கிய தரையில் ஓடினாள். கத்தினாள். அந்தக் கூடத்தில் கத்துவது என்பது ஆற்றுக்குள் துப்புகிற மாதிரி; மெஷின் சத்தம் விழுங்கிவிடும். தூரத்தில் நெட்டச்சி வண்டி தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. ரோலர் முன்னால் நாத்தனார் தனியாக நின்றுகொண்டிருந்தாள். இடது கையால் கம்பியை அழுத்தியிருந்தாள். உருளை நின்றுதான் இருந்தது. சொன்னபடியே உறுதி செய்துகொள்கிற மாதிரி அதை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். வலது கையை உள்ளே விட்டாள். ஒரு கையால் இழுத்து வரவில்லை. இரண்டு கையாலும் இழுக்கலாம் என்று கம்பியை விட்டாள்.

கட்டுக்காரி சிவப்பு சுவிட்சை அடித்தது வலது கையால்தான். அடித்த பிறகுதான் அது எந்தக் கை என்று அவளுக்கே தெரிந்தது.

உருளை ஒரு சாண் ஓடவில்லை. நாலு விரல்கடை ஓடியது.

மருந்து அறையில் நர்ஸ் கட்டுப்போட்டு முடித்துவிட்டு டாக்டருக்குப் போன் போட வெளியே போனார். மூன்று விரல் நுனி கொப்பளித்திருந்தது. ஒரு நகம் போய்விட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னார். நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து, முகமெல்லாம் வெளுத்து, கட்டுப்போட்ட கையை அடுத்த வீட்டுப் பொருள் மாதிரி தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெட்டச்சி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் எங்கள அங்க மாத்திட்டாங்க. நான் வண்டி எடுக்கத்தான் போனேன். வர்றவரைக்கும் தொடாதன்னு சொல்லிட்டுப் போயிருக்கணும். ஊர்க்கதையெல்லாம் பேசினேன், இதைச் சொல்லலை."

ஸ்டாப்வாட்ச் விபத்துப் படிவத்தோடு வந்தார். கட்டுக்காரியை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"கேள்வி பதில் ரெண்டையும் பார்த்தேன். உங்க மாப்பிள்ளை சொதப்பியிருக்கு. நடுப்பக்கத்தை வழக்கம்போல விட்டிருக்கும். அப்படியே எழுதிடுங்க. கொண்டுவந்து மாட்டினவன்கிட்ட அனுப்பிடறேன், அவன் பாடு. உங்களுக்கும் பிரச்சனை இல்லை, எனக்கும் இல்லை."

அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் நம்புவார்கள். அவள் ஒரு வார்த்தை பேச வேண்டாம், படிவத்தை வாங்கி எழுதினால் போதும்.

படிவத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"அண்ணி," நாத்தனார் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அதுகிட்ட கேட்டுட்டுத்தான் கை வச்சேன். எல்லாம் போட்டிருக்கேன்னு சொன்னீங்களே."

"போட்டிருந்தேன்."

"அப்புறம்?"

"எடுத்துட்டேன். நீ டீ குடிச்சிட்டுப் போன பிறகு."

"ஏன்?"

கட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கம் மிஞ்சியது, நேரம் இல்லை, நாற்காலி போய்விடும் என்று சொல்ல ஆயிரம் இருந்தது. எல்லாம் நிஜம்தான். "என்னால அதைத் தினம் படிக்க முடியல," என்றாள். "அதுல என்னை அஜாக்கிரதைன்னு எழுதியிருக்கு."

நாத்தனார் கட்டுப்போட்ட கையை மெல்ல மடியில் வைத்தாள். மூக்கை இடது கையின் புறத்தால் துடைத்துக்கொண்டாள். "என் மேல கோவம்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து உக்காந்துட்டேன்னு."

"அதுவும் இருக்கு. அதுக்காக இல்லை."

"அந்தத் தாள்ல என்னைப் பத்தி என்ன எழுதப் போறீங்க?"

படிவத்தில் காரணம் என்ற இடத்தில் ஏற்கெனவே அச்சடித்த வரி ஒன்று இருந்தது, பக்கத்தில் சின்னக் கட்டம். தொழிலாளியின் அஜாக்கிரதை. டிக் அடிக்க வேண்டியதுதான். கட்டுக்காரி அந்த வரியை இடது கையால் கோணல்மாணலாகக் கோடு போட்டு அடித்தாள். அடியில் எழுதினாள்: பிரேக் பழுது, பதினான்கு மாதமாக. அதைப் பற்றிய எச்சரிக்கை இன்று பன்னிரண்டு மணி வரை கட்டுக்குள் இருந்தது. எடுத்தது நான். எழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து மாதிரி இருந்தது. கையெழுத்தும் போட்டாள்.

ஸ்டாப்வாட்ச் படித்தார். மறுபடி படித்தார். "இதை மேல அனுப்பினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"வேற தாள் தர்றேன்."

"வேணாம் சார். எனக்கு முடியல."

அவர் படிவத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். மணியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

கட்டுக்காரி துடைப்ப அறைக்குத் திரும்பி, விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். எடுத்துப் போட்ட அறிக்கையைத் திறந்து, அந்த இரண்டு வரியை மட்டும் வெட்டினாள். கட்டின் தலைமாட்டில், எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தாள். ஒரு பக்கம் வழிந்து நாற்பத்தொன்றானது. மேனேஜர் லெட்டரை எடுத்தாள். முப்பத்தொன்பது. நாளைக்கோ நாளன்றைக்கோ அவர் வந்து நம் லட்சியம் என்ன என்று கேட்பார். மாப்பிள்ளை தன் பாட்டுக்கு எதையாவது அளந்துவிடும். அதற்குள் இந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி நினைக்கவும் தெம்பில்லை.

ஷிப்ட் முடிகிற மணி அடித்தது. போகிற வழியில் இரண்டாம் ரோலரிடம் நின்றாள். உருளை இன்னும் சூடாகத்தான் இருந்தது. தூணிலிருந்த போனின் பட்டனை அழுத்தினாள்.

"போர்வை சிக்கிக்கிச்சு. கை விட்டு எடுக்கலாமா?"

"கூடாது," என்றது மாப்பிள்ளை. "இந்த ரோலரின் பிரேக் பழுது. முதலில் சிவப்பு சுவிட்சை அணையுங்கள்."

காலையில் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருக்கும்.

வாசலில் நாத்தனார் இரண்டு பேருடைய பைகளையும் இடது தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். கட்டுக்காரி ஒன்றைப் பிடுங்கித் தன் இடது தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ராத்திரிக்கு யார் காய் நறுக்கறது?" என்றாள் நாத்தனார்.

"நீ புடிச்சுக்கோ. நான் நறுக்கறேன்."

"ரெண்டு பேருக்கும் எடது கைதான் இருக்கு அண்ணி."

"அதான் சொன்னேன், புடிச்சுக்கோன்னு."

பஸ் வந்தது. உட்கார இடமில்லை. இரண்டு பேரும் மேல்கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல், வீடு வரைக்கும் நின்றுகொண்டே போனார்கள்.